ஏணியும் தடமும்: பந்தய ஓட்டுநர்கள் ஏன் தொடர் மாறுகிறார்கள்?

1992 செப்டம்பர் 13. இத்தாலியின் மோன்ஸா பந்தயத் தடத்தில் செய்தியாளர்களைக் கூட்டிய நைஜல் மான்செல், ஃபார்முலா 1-ஐ விட்டு விலகுவதாக அறிவித்தார். அந்த ஆண்டின் உலகச் சாம்பியன் அவர்தான். மொத்தம் 16 பந்தயங்கள் கொண்ட அந்தப் பருவத்தில் 9 வெற்றிகள் அவருடையவை. அப்படிப்பட்டவர் ஏன் போக வேண்டும்? அவருடைய வில்லியம்ஸ் அணி அடுத்த ஆண்டுக்கு அலன் புரோஸ்ட்டை ஒப்பந்தம் செய்துவிட்டது. சம்பளமே வேண்டாம், அந்தக் காரைக் கொடுத்தால் போதும் என்று அயர்டன் சென்னாவும் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். மான்செலின் சம்பளப் பேச்சு அதற்குப்பின் கசந்துபோனது.

அவர் போய்ச் சேர்ந்தது அமெரிக்காவின் இண்டிகார் தொடருக்கு. நியூமன்-ஹாஸ் அணியில் அவருக்குக் கிடைத்த சீட், அதுவரை மைக்கேல் ஆண்ட்ரெட்டி உட்கார்ந்திருந்த சீட். 1991இன் இண்டிகார் சாம்பியனான ஆண்ட்ரெட்டி அதே வேளையில் எதிர்த்திசையில் கிளம்பி, மெக்லாரன் அணிக்காக ஃபார்முலா 1 ஓட்டப் போனார். இரு சாம்பியன்கள், இரு கண்டங்கள், ஒரே பருவம். பந்தய வரலாற்றில் ஓர் ஆய்வுக்கு இதைவிடப் பொருத்தமான ஒப்பீடு கிடைப்பது அரிது.

மான்செல் தம் முதல் இண்டிகார் பந்தயத்தை ஆஸ்திரேலியாவின் சர்ஃபர்ஸ் பாரடைஸ் தெருத்தடத்தில் வென்றார். அடுத்து ஃபீனிக்ஸில் சுவரில் மோதி முதுகில் காயம்பட்டார். ஆனாலும் மீண்டு வந்து மேலும் நான்கு பந்தயங்களை வென்று சாம்பியனானார். அந்த நான்கும் ஓவல் எனப்படும் நீள்வட்டத் தடங்கள். அந்த ஆண்டுக்கு முன் அவர் ஒருமுறைகூடப் பந்தயம் ஓட்டியிராத வகைத் தடங்கள். ஆண்ட்ரெட்டியோ முதல் மூன்று பந்தயங்களில் மொத்தம் நான்கே சுற்றுகள் ஓட்டி முடித்தார். 13 பந்தயங்களில் 7 புள்ளிகள் எடுத்தார். கடைசியாக மோன்ஸாவில் மூன்றாம் இடம் பிடித்து, அதோடு விலகினார். அதே மெக்லாரனில் அந்த ஆண்டு சென்னா ஐந்து பந்தயங்களை வென்றிருந்தார். 1994இல் அமெரிக்கா திரும்பிய ஆண்ட்ரெட்டி, முதல் பந்தயத்திலேயே மீண்டும் வென்றார்.

இதைப் பார்த்து "ஃபார்முலா 1 கடினம், இண்டிகார் எளிது" என்று முடிவு கட்டியவர்கள் அன்று ஏராளம். இன்றும் ஓர் ஓட்டுநர் ஃபார்முலா 1-ஐ விட்டு வேறு தொடருக்குப் போனால் "இறங்கிவிட்டார்" என்றும், அங்கிருந்து இங்கே வந்தால் "ஏறிவிட்டார்" என்றும் பேசுகிறோம். பந்தய உலகம் முழுவதையும் ஒற்றை ஏணியாகப் பார்க்கும் பார்வை இது. இந்தப் பார்வை உண்மைக்குப் பொருந்தவில்லை என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். ஓட்டுநர்கள் தொடர் மாறுவதற்குச் சீட்டுகளின் எண்ணிக்கை, பணம், உடல், விதிகள் எனப் பல காரணங்கள் உண்டு. அவற்றையெல்லாம் ஒன்றுசேர்த்துப் பார்த்தால் ஆழத்தில் தெரிவது ஒரு தேடல்: முடிவைத் தீர்மானிப்பதில் தன் கைக்கு எங்கே அதிகப் பங்கு இருக்கிறது என்ற தேடல்.

மதில்கள் எழும்பிய விதம்

தொடர் மாறுவது ஒரு செய்தியாக ஆனதே பிற்காலத்தில்தான். 1960களில் ஒரே ஓட்டுநர் ஒரே ஆண்டில் ஃபார்முலா 1, ஃபார்முலா 2, சலூன் கார், லே மான்ஸ் 24 மணி நேரம், இண்டியனாபொலிஸ் 500 என எல்லாவற்றையும் ஓட்டினார். ஜிம் கிளார்க் 1965இல் மொனாக்கோ பந்தயத்தை விட்டுவிட்டு இண்டியனாபொலிஸ் போய் வென்றார். அதே ஆண்டு ஃபார்முலா 1 உலகச் சாம்பியனும் ஆனார். 1968இல் அவர் ஹாக்கன்ஹைமில் உயிரிழந்தது ஒரு ஃபார்முலா 2 பந்தயத்தில். உலகச் சாம்பியன் ஒருவர் அடுத்த நிலைத் தொடரிலும் ஓட்டுவது அன்று யாருக்கும் வியப்பளிக்கவில்லை. ஃபார்முலா 1 உலகச் சாம்பியன் பட்டம், இண்டியனாபொலிஸ் 500, லே மான்ஸ் மூன்றையும் வென்ற ஒரே மனிதரான கிரஹாம் ஹில்லும் அந்தக் காலத்தவரே.

இரு சக்கரத்திலிருந்து நான்கு சக்கரத்துக்கு வருவதற்கும் அன்று தடையில்லை. ஜான் சர்ட்டீஸ் மோட்டார்சைக்கிள் பந்தயத்தில் ஏழு உலகப் பட்டங்கள் வென்றவர். அவர் கார் பக்கம் திரும்பியதற்கு ஒரு காரணம், எம்வி அகஸ்டா நிறுவனம் அவர் வேறு பந்தயங்களில் மோட்டார்சைக்கிள் ஓட்டுவதற்குக் கட்டுப்பாடு விதித்தது. கார் ஓட்டத் தடை இல்லை. 1960இல் ஃபார்முலா 1-இல் அறிமுகமானவர் 1964இல் ஃபெராரியில் உலகச் சாம்பியனானார். இரண்டு வகையிலும் உலகப் பட்டம் வென்றவர் இன்றுவரை அவர் ஒருவரே. ஒரு ஒப்பந்த வரியும் ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற தீராத ஆசையும் சேர்ந்து அவருடைய இரண்டாம் வாழ்க்கையை உருவாக்கின.

பிறகு நாட்காட்டி நிரம்பத் தொடங்கியது. 1965இல் ஃபார்முலா 1-இல் 10 பந்தயங்கள்; 2024இல் 24. தொலைக்காட்சிப் பணமும் நிறுவன ஒப்பந்தங்களும் வளர வளர, ஓட்டுநர் ஓர் அணியின் தனிச் சொத்துப்போல ஆனார். கார்களும் ஒவ்வொரு தொடரிலும் ஒவ்வொரு திசையில் வளர்ந்து, ஒன்றின் பழக்கம் இன்னொன்றுக்கு உதவாத அளவுக்குத் தனித்தன்மை பெற்றன. இப்படி எழும்பிய மதில்களுக்குப் பின்னால்தான் "எந்தத் தொடர்?" என்பது வாழ்நாள் முடிவாகிவிட்டது.

சீட்டுகளின் கணக்கு

2025இல் ஃபார்முலா 1-இல் மொத்தம் 20 சீட்டுகள் இருந்தன. காடிலாக் அணியின் வருகையால் 2026இல் 22. ஒரு சீட்டில் உட்கார்ந்தவர் பத்து, பதினைந்து ஆண்டுகள்கூட எழுந்திருக்காமல் இருக்கலாம். கீழே ஃபார்முலா 2-இல் ஆண்டுதோறும் 22 இளைஞர்கள் காத்திருக்கிறார்கள். அங்கே ஒரு விதி உண்டு: சாம்பியனானவர் அடுத்த ஆண்டு அதே தொடரில் ஓட்ட முடியாது. வென்றவர் வெளியேறியே தீர வேண்டும்; ஆனால் மேலே இடம் காலியாகியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

2022இன் ஃபார்முலா 2 சாம்பியன் ஃபெலிப்பே ட்ருகோவிச்சுக்கு ஆஸ்டன் மார்ட்டினில் கிடைத்தது மாற்று ஓட்டுநர் பொறுப்பு. பந்தயச் சீட் கிடைக்கவில்லை. 2023இன் சாம்பியன் தியோ புர்ஷேரின் அடுத்த ஆண்டு இன்னும் கடுமையானது. ஜப்பானின் சூப்பர் ஃபார்முலாவில் ஒரே ஒரு பந்தயம். அதற்குள் அமெரிக்காவில் மெக்லாரனின் இண்டிகார் அணிக்கு அழைப்பு. அங்கே சில பந்தயங்கள் ஓட்டியபின் பருவத்தின் நடுவிலேயே அவர் இடத்தில் இன்னொருவர் அமர்த்தப்பட்டார். அடுத்து ஐரோப்பாவின் நெடுந்தூரப் பந்தயங்களுக்குப் போனார். இரண்டு ஆண்டுகளுக்குள் மூன்று கண்டங்கள். திறமைக் குறைவால் நேர்ந்த அலைச்சல் அல்ல இது. வெற்றி பெற்றவருக்கே கதவு மூடியிருந்ததால் நேர்ந்தது.

இந்தக் கணக்கில் பணம் எப்படி நுழைகிறது என்பதற்கு 2016 ஒரு தெளிவான சான்று. அதற்கு முந்தைய ஆண்டில் அமெரிக்கரான அலெக்ஸாண்டர் ரோஸி, பின்வரிசை அணியான மேனரில் ஐந்து ஃபார்முலா 1 பந்தயங்கள் ஓட்டியிருந்தார். 2016க்கு அந்தச் சீட் இந்தோனேசியாவின் ரியோ ஹரியாந்தோவுக்குப் போனது. அவருக்குப் பின்னால் அவருடைய நாட்டின் அரசு எண்ணெய் நிறுவனமான பெர்டமினாவின் பணம் இருந்தது. ரோஸி வேறு வழியின்றி இண்டிகாருக்குப் போனார். அந்த மே மாதம் நடந்தது 100ஆவது இண்டியனாபொலிஸ் 500. முதன்முறையாக அதில் கலந்துகொண்ட ரோஸி, கடைசி எரிபொருளை 36 சுற்றுகளுக்கு இழுத்துப்பிடித்து, இறுதிக் கோட்டை ஏறத்தாழ உருண்டு கடந்து வென்றார். ஹரியாந்தோவோ 12 பந்தயங்களுக்குப்பின் ஒப்புக்கொண்ட பணம் முழுமையாக வந்துசேராததால் சீட்டை இழந்தார். மேனர் அணியே 2017 தொடக்கத்தில் மூடப்பட்டது. பணம் கொடுத்து வாங்கிய சீட்டும் நிலைக்கவில்லை. பணமில்லாமல் வெளியேறியவர் வரலாற்றில் இடம்பிடித்தார்.

எதிர்ப்பக்கத்தில் பெருநிறுவனங்கள் பணம் போடும் தொடர்களில் சீட்டுகள் பெருகும். உலக நெடுந்தூரச் சாம்பியன்ஷிப்பின் உயர்நிலையான ஹைப்பர்கார் பிரிவில் 2025இல் டொயோட்டா, ஃபெராரி, போர்ஷே, காடிலாக், பிஎம்டபிள்யூ, அல்பீன், பீஜோ, ஆஸ்டன் மார்ட்டின் எனும் எட்டு நிறுவனங்களின் 18 கார்கள் ஓடின. ஒரு காரைப் பெரும்பாலும் மூவர் பகிர்ந்து ஓட்டுவதால், சம்பளத்தோடு கூடிய வேலை ஏறத்தாழ ஐம்பது பேருக்குக் கிடைத்தது. ஃபார்முலா 1 முடிந்த பிறகு பலர் அங்கே தென்படுவதற்கு முதல் காரணம் இந்த எளிய எண்ணிக்கைதான்.

காரின் பங்கும் கையின் பங்கும்

ஃபார்முலா 1-இல் ஒவ்வோர் அணியும் தன் காரைத் தானே வடிவமைக்கிறது. ஆகவே அது ஓட்டுநர்களின் போட்டியாக இருக்கும் அளவுக்குப் பொறியாளர்களின் போட்டியும்கூட. பின்வரிசைக் காரில் உட்கார்ந்தவர் எவ்வளவு நன்றாக ஓட்டினாலும், அவருடைய உழைப்பின் பலன் பதினைந்தாம் இடத்துக்கும் பதின்மூன்றாம் இடத்துக்கும் உள்ள வேறுபாடாகவே வெளியே தெரியும். இண்டிகாரில் 2012 முதல் எல்லாரும் ஓட்டுவது டல்லாரா நிறுவனத்தின் ஒரே சேசிஸ். எஞ்சின் ஹோண்டா அல்லது ஷெவ்ரலே. டயர் எல்லாருக்கும் ஒன்றே. பெரிய அணி, சிறிய அணி என்ற வேறுபாடு அங்கும் உண்டு. கனாஸி, பென்ஸ்கே போன்ற அணிகளின் அனுபவம் எளிதில் எட்ட முடியாதது. என்றாலும் சிறிய அணியின் ஓட்டுநர் ஒருநாள் முன்வரிசையில் நிற்பது அங்கே நடக்கக்கூடிய ஒன்று.

சுவீடனின் மார்க்கஸ் எரிக்ஸன் ஃபார்முலா 1-இல் 97 பந்தயங்கள் ஓட்டி மொத்தம் 18 புள்ளிகள் எடுத்தார். காட்டர்ஹாம், சாபர் அணிகளில் கழிந்த அந்த ஐந்து ஆண்டுகளில் அவர் பிடித்த மிக உயர்ந்த இடம் எட்டு. 2019இல் இண்டிகாருக்குப் போனார். 2021இல் டெட்ராய்ட்டில் முதல் வெற்றி. 2022இல் இண்டியனாபொலிஸ் 500. மனிதர் அவரேதான். 97 பந்தயங்களாகக் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த ஒரு திறமை, கார்கள் சமமான இடத்தில் தெரியவந்தது.

ரொமெய்ன் குரோஷானின் கதையும் இதையே சொல்கிறது. 179 ஃபார்முலா 1 பந்தயங்கள், 10 முறை மேடை, ஒரு வெற்றியும் இல்லை. 2021இல் டேல் காய்ன் என்ற சிறிய இண்டிகார் அணியில் சேர்ந்தார். மூன்றாவது பந்தயத்திலேயே இண்டியனாபொலிஸ் சாலைத்தடத்தில் தகுதிச்சுற்றில் முதலிடம் பிடித்து, பந்தயத்தில் இரண்டாவதாக வந்தார். ஆண்டுக்கணக்கில் பின்வரிசையில் ஓட்டிய ஒருவருக்கு வெற்றி எட்டும் தொலைவில் இருக்கிறது என்ற உணர்வு எவ்வளவு பெரியது என்பதைப் போட்டி என்ற ஒன்றில் ஈடுபட்ட எவரும் அறிவர். சம்பளமும் புகழும் குறையலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வெல்லும் வாய்ப்போடு கண்விழிப்பதற்கு ஈடு வேறில்லை.

முன்வரிசைக் காரில் இருந்தவர்களுக்கும் இந்த வேட்கை உண்டு. ஃபெர்னாண்டோ அலோன்ஸோ இருமுறை உலகச் சாம்பியன். மெக்லாரன்-ஹோண்டா கார் பின்தங்கிக் கிடந்த 2017இல், மொனாக்கோவை விட்டுவிட்டு இண்டியனாபொலிஸ் போனார். ஐந்தாம் இடத்தில் தொடங்கி 27 சுற்றுகள் முன்னிலை வகித்து, 21 சுற்றுகள் மீதமிருக்கும்போது எஞ்சின் பழுதால் நின்றார். டொயோட்டாவுடன் 2018, 2019 ஆகிய இரு ஆண்டுகளும் லே மான்ஸ் வென்றார். 2020இல் டக்கார் ராலியும் ஓட்டி, 2021இல் ஃபார்முலா 1-க்குத் திரும்பினார். இங்கே ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. ஒரு கலைஞர் தன் கலையின் முழு எல்லையையும் தொட்டுப் பார்ப்பதுதான் இருக்கிறது.

திறமை எவ்வளவு தூரம் கூட வரும்?

அப்படியானால் ஆண்ட்ரெட்டி ஏன் தோற்றார்? திறமை ஒரு தொடரிலிருந்து இன்னொன்றுக்கு முழுதாகக் கூட வருவதில்லை என்பதே விடை. வேகத்தை உணர்வது, டயரின் பிடிமானம் தீரும் எல்லையைக் கண்டுபிடிப்பது, நெருக்கடியில் பதறாமல் இருப்பது ஆகியவை எங்கும் கூட வரும். ஆனால் ஒரு குறிப்பிட்ட காரின் பிரேக்கை எந்த இடத்தில், எவ்வளவு அழுத்தத்தோடு மிதிப்பது என்பது உடலில் ஊற வேண்டிய அறிவு. அதற்குத் தேவை பயிற்சி ஓட்டம்.

1993இன் மெக்லாரன், மின்னணு சஸ்பென்ஷன் பொருத்திய சிக்கலான கார். அந்த ஆண்டு பந்தய வார இறுதியில் பயிற்சிச் சுற்றுகளுக்கும் வரம்பு வந்தது. தெரியாத தடங்களில், தெரியாத காரில், பழகுவதற்கே நேரமின்றி ஆண்ட்ரெட்டி ஓட்டினார். அமெரிக்காவிலேயே குடியிருந்து பந்தயங்களுக்கு மட்டும் ஐரோப்பா வந்துபோனதும் அவருக்கு உதவவில்லை. இதோடு ஒப்பிட வேண்டியவர் ஜாக் வில்நவ். 1995இல் இண்டிகார் பட்டத்தையும் இண்டியனாபொலிஸ் 500-ஐயும் வென்ற அவரை, வில்லியம்ஸ் அணி 1996 பருவம் தொடங்குமுன் பல ஆயிரம் கி.மீ. சோதனை ஓட்ட வைத்தது. மெல்பர்னில் தம் முதல் பந்தயத்திலேயே தகுதிச்சுற்றில் முதலிடம். அந்தப் பருவத்தில் நான்கு வெற்றிகள். 1997இல் உலகச் சாம்பியன். கார் அன்று களத்தில் சிறந்தது என்பதும் உண்மை. நல்ல காரும் போதிய பழக்கமும் சேர்ந்தால் அதே கடலைத் தாண்டிய இருவரில் ஒருவர் சாம்பியனாகிறார். அந்தப் பழக்கம் இல்லாவிட்டால் மற்றவர் பாதியில் திரும்புகிறார்.

அலெக்ஸ் ஸனார்டி மற்றொரு சான்று. 1997, 1998 ஆண்டுகளின் இண்டிகார் சாம்பியனான அவர், 1999இல் வில்லியம்ஸில் 16 பந்தயங்கள் ஓட்டி ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. உடன் ஓட்டிய ரால்ஃப் ஷூமாக்கர் 35 புள்ளிகள் எடுத்தார். அமெரிக்காவில் ஸனார்டி ஓட்டியது எடை கூடிய, டர்போ எஞ்சின் கார்; டயர் வழவழப்பானது. ஃபார்முலா 1-இல் அப்போது வரிவெட்டிய டயர்கள். கையிலிருந்த நுண்ணறிவுக்கு அங்கே பிடி கிடைக்கவில்லை.

அமெரிக்காவின் நாஸ்கார் இன்னும் தொலைவான உலகம். ஃபார்முலா 1 காரின் எடை சுமார் 800 கிலோ. நாஸ்கார் கப் தொடரின் கார் அதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. பெரும்பாலான பந்தயங்கள் ஓவலில். பக்கத்தில் ஓடும் காரின் காற்றோட்டம் தன் காரை எப்படி நிலைகுலைக்கும் என்பதை அங்கே உடலால் அறிந்திருக்க வேண்டும். ஃபார்முலா 1-இல் ஏழு வெற்றிகள் பெற்ற ஹுவான் பாப்லோ மொன்டோயா, 2006 நடுவில் மெக்லாரனை விட்டு நாஸ்கார் போனார். ஏழு முழுப் பருவங்களில் இரண்டு வெற்றிகள். இரண்டுமே வளைவு நெளிவான சாலைத்தடங்களில். 2014இல் இண்டிகாருக்குத் திரும்பி, 2015இல் இண்டியனாபொலிஸ் 500-ஐ இரண்டாம் முறையாக வென்றார். முதல் வெற்றி 2000இல். இடையில் 15 ஆண்டுகள். திறமை எங்கும் போய்விடவில்லை.

நியூசிலாந்தின் ஷேன் வான் கிஸ்பெர்கனும் இந்த எல்லையைத் தெளிவாகக் காட்டுகிறார். ஆஸ்திரேலிய சூப்பர்கார்ஸ் தொடரில் மூன்று பட்டங்கள் வென்றவர். 2023இல் சிகாகோ தெருத்தடத்தில் தம் முதல் நாஸ்கார் கப் பந்தயத்தையே வென்றார். முதல் பந்தயத்திலேயே ஒருவர் வென்றது 1963க்குப்பின் அதுவே முதல்முறை. 2025இல் முழுப் பருவம் ஓட்டி ஐந்து பந்தயங்களை வென்றார். ஐந்தும் தெருத்தடம் அல்லது சாலைத்தடம். ஓவல் அவருக்கு இன்னும் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம். மான்செல் 1993இல் நான்கு ஓவல்களை வென்றது எவ்வளவு பெரிய சாதனை என்பது இவர்களோடு ஒப்பிடும்போதுதான் முழுதாகப் புரிகிறது.

உடலும் குடும்பமும்

2020 நவம்பர் 29 அன்று பஹ்ரைனில் குரோஷானின் கார் தடுப்புக் கம்பியில் 67ஜி விசையோடு மோதி, இரண்டாகப் பிளந்து தீப்பிடித்தது. அரை நிமிடத்துக்குச் சற்றுக் குறைவான நேரம் தீக்குள் இருந்து, கைகளில் தீக்காயங்களோடு வெளியே வந்தார். அந்த ஆண்டோடு அணியை விட்டுப் போக வேண்டும் என்பது அதற்கு முன்பே முடிவாகியிருந்தது. இண்டிகாரில் சேர்ந்தபோது ஓவல் பந்தயங்களை ஓட்டப்போவதில்லை என்று முதலில் சொன்னார். மூன்று குழந்தைகளின் தந்தை அவர். ஓவலின் சுவர் மன்னிக்காது. சில மாதங்களில் மனம் மாறி ஒரு குட்டை ஓவலில் ஓட்டினார். 2022இல் முழு அட்டவணையையும் ஏற்றார். எந்தத் தொடர் என்ற முடிவில் சம்பளத்தோடும் வெற்றி வாய்ப்போடும் சேர்ந்து, வீட்டில் காத்திருப்போரின் முகமும் எடைபோடப்படுகிறது.

ராபர்ட் குபிட்ஸாவின் பாதை உடலால் தீர்மானிக்கப்பட்டது. 2008 கனடா கிராண்ட் பிரியை வென்ற அவர், 2011 பிப்ரவரியில் இத்தாலியில் ஓர் உள்ளூர் ராலியில் விபத்துக்குள்ளாகி வலக்கையில் படுகாயமடைந்தார். ஃபார்முலா 1 காரின் குறுகிய காக்பிட்டில் அந்தக் கையை வேண்டிய அளவு திருப்ப முடியவில்லை. ராலி காரில் இடம் தாராளம். ஆகவே ராலிக்குப் போய் 2013இல் உலக ராலி சாம்பியன்ஷிப்பின் இரண்டாம் நிலையான டபிள்யூஆர்சி-2 பட்டம் வென்றார். 2019இல் ஃபார்முலா 1-க்கு ஒரு பருவம் திரும்பினார். 2025இல் யிஃபெய் யே, ஃபில் ஹான்ஸன் ஆகியோருடன் ஃபெராரியில் லே மான்ஸை வென்றார். ஓட்டுவதை விடவே முடியாத ஒருவருக்குப் பல தொடர்கள் இருப்பது எவ்வளவு பெரிய கொடை என்பதற்கு இந்த 14 ஆண்டுகளே சான்று.

விதியின் வாசல்

ஃபார்முலா 1 ஓட்ட சூப்பர் லைசென்ஸ் வேண்டும். மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் 2015இல் 17 வயதில் அறிமுகமான பிறகு விதிகள் இறுகின. குறைந்தது 18 வயது. மூன்று ஆண்டுகளில் 40 புள்ளிகள். எந்தத் தொடரில் எந்த இடத்துக்கு எத்தனை புள்ளி என்பதை உலக மோட்டார் பந்தயங்களை நிர்வகிக்கும் எஃப்ஐஏ அமைப்பு வகுக்கிறது. 2022இல் நடைமுறையிலிருந்த பட்டியலின்படி ஃபார்முலா 2-இல் மூன்றாம் இடத்துக்கும் 40 புள்ளிகள்; இண்டிகாரில் மூன்றாம் இடத்துக்கு 20 மட்டுமே. அந்த ஆண்டு அமெரிக்கரான கோல்டன் ஹெர்ட்டாவை ஃபார்முலா 1-க்குக் கொண்டுவர ரெட் புல் விரும்பியது. 18 வயதிலேயே இண்டிகார் பந்தயம் வென்றவர் அவர். புள்ளிகள் போதவில்லை, விலக்களிக்க எஃப்ஐஏ மறுத்தது. 2025 செப்டம்பரில் ஹெர்ட்டா இண்டிகாரை விட்டு காடிலாக் ஃபார்முலா 1 அணியின் சோதனை ஓட்டுநரானார். 2026இல் ஃபார்முலா 2-இல் ஓட்டவும் முடிவெடுத்தார். ஒன்பது இண்டிகார் வெற்றிகள் பெற்றவர், தம்மைவிட இளையோரோடு தொடக்கப் பாடசாலையில் உட்கார வேண்டியதாயிற்று.

இன்னொரு பக்கம், 2009க்குப்பின் ஃபார்முலா 1-இல் பருவத்தின் நடுவே சோதனை ஓட்டங்கள் கடுமையாகக் குறைக்கப்பட்டன. வில்நவுக்குக் கிடைத்த ஆயிரக்கணக்கான கி.மீ. இன்று புதியவருக்குக் கிடைக்காது. மின்சாரக் கார்களின் தொடரான ஃபார்முலா ஈயில் சாம்பியனான நிக் டி விரீஸ், 2023இல் ஆல்ஃபாடௌரியில் பத்தே பந்தயங்களில் நீக்கப்பட்டார். ஆக ஃபார்முலா 1-ஐ விட்டு வெளியேறும் வழி அகலமாகவும், உள்ளே வரும் வழி குறுகலாகவும் ஆகியிருக்கிறது. இந்த ஏற்றத்தாழ்வை ஓட்டுநர்களின் திறமை வேறுபாடாகப் படிப்பதே நாம் செய்யும் பிழை.

கோவையிலிருந்து ஃபுஜி வரை

ஃபார்முலா 1 பந்தயம் ஓட்டிய இந்தியர் இதுவரை இருவர். கோவையின் நரேன் கார்த்திகேயன், சென்னையின் கருண் சந்தோக். இருவரின் பயணமும் இந்தக் கட்டுரையின் எல்லாக் காரணங்களையும் தொட்டுச் செல்கிறது. நரேன் 2005இல் ஜோர்டான் அணியில் அறிமுகமானார். பிறகு வில்லியம்ஸின் சோதனை ஓட்டுநர். ஏ1 கிராண்ட் பிரியில் இந்திய அணிக்காக வெற்றி. 2010இல் நாஸ்கார் டிரக் தொடரில் மார்ட்டின்ஸ்வில்லில் ஓட்டி, நாஸ்காரின் தேசியத் தொடரில் பங்கேற்ற முதல் இந்தியரானார். 2011இல் எச்ஆர்டி அணியில் ஃபார்முலா 1-க்குத் திரும்பினார். பருவத்தின் நடுவில் அந்தச் சீட் ரெட் புல்லின் இளம் ஓட்டுநர் டேனியல் ரிக்கார்டோவுக்குப் போனது. 2012 முடிவில் அந்த அணியே மூடப்பட்டது. அடுத்து ஜப்பான்: 2014 முதல் 2018 வரை சூப்பர் ஃபார்முலா, 2019இல் சூப்பர் ஜிடி. அந்த நவம்பரில் சூப்பர் ஜிடியும் ஜெர்மனியின் டிடிஎம்மும் ஃபுஜியில் சேர்ந்து நடத்திய பந்தயங்களில் ஒன்றை, 42 வயதில் ஹோண்டா காரில் வென்றார்.

கருணின் வழியும் அப்படியே. 2010இல் எச்ஆர்டி. 2012இல் லே மான்ஸில் ஓட்டிய முதல் இந்தியர்; அவர் கார் ஒட்டுமொத்தமாக ஆறாவதாக வந்தது. 2014இல் தொடங்கிய ஃபார்முலா ஈயின் முதல் பருவத்தில் மஹிந்திரா அணி. இவர்களை நம் ஊடகங்கள் பெரும்பாலும் ஃபார்முலா 1 புள்ளிக் கணக்கை வைத்தே அளந்தன. பின்வரிசைக் காரில் எடுத்த இடத்தை நினைவில் வைத்தோம். ஃபுஜி வெற்றி பலருக்குத் தெரியாமலே போனது.

எப்படிப் படிப்பது?

ஓர் ஓட்டுநர் தொடர் மாறும்போது நாம் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. அவர் ஓட்டிய கார் என்ன? புதிய காரில் பழக அவருக்கு எவ்வளவு நேரம் தரப்பட்டது? அவருடைய சீட்டுக்கு யார் பணம் கொடுத்தார்கள்? அவருடைய உடலும் வீடும் எதைக் கேட்டன? இந்த நான்குக்கும் விடை தெரியாமல் ஏற்றம் என்றும் இறக்கம் என்றும் சொல்வது, தேர்வுத்தாளைப் பார்க்காமல் மதிப்பெண் போடுவதாகும்.

மாறாமல் இருப்பதும் ஒரு தேர்வே. ஸ்பெயினின் அலெக்ஸ் பலோ 2022இல் மெக்லாரனின் ஃபார்முலா 1 காரைச் சோதித்துப் பார்த்தவர். கடைசியில் இண்டிகாரிலேயே நிலைத்து 2021, 2023, 2024, 2025 ஆகிய ஆண்டுகளில் பட்டம் வென்றார். 2025இல் இண்டியனாபொலிஸ் 500-ஐயும் வென்றார். அவரை "ஃபார்முலா 1-க்கு வராதவர்" என்று அறிமுகப்படுத்துவது அவர் செய்து காட்டியதைக் காணாமல் விடுவதாகும்.

இது இரசிகர்களின் பார்வை குறித்த விவாதம் மட்டுமன்று. ஸ்ரீபெரும்புதூருக்கு அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டைத் தடத்திலும் கோவையின் கரி தடத்திலும் இன்று கார்ட்டும் ஃபார்முலா காரும் ஓட்டிப் பழகும் சிறுவர் சிறுமியர் இருக்கிறார்கள். அவர்களுடைய பெற்றோர் ஐரோப்பிய ஏணியின் ஒவ்வொரு படிக்கும் கோடிகளில் செலவிட வேண்டியிருக்கிறது. உச்சியில் 22 சீட்டுகளே உண்டு. அவற்றில் பல ஆண்டுகளில் காலியாவது ஒன்றோ இரண்டோதான். ஃபார்முலா 1 ஒன்றே இலக்கு என்று சொல்லி வளர்க்கப்படும் குழந்தை, இருபத்திரண்டு வயதில் கதவு மூடியிருப்பதைக் கண்டு தன்னைத் தோற்றவராக எண்ணிக்கொள்ளும். அமெரிக்க ஓவல்களும் ஜப்பானின் சூப்பர் ஜிடியும் லே மான்ஸின் இரவும் முழுமையான வாழ்க்கைகள் என்று பதினைந்து வயதிலேயே அறிந்திருந்தால், அதே குழந்தை சரியான நேரத்தில், பணம் தீருமுன், தன் கைக்கு ஏற்ற களத்தைத் தேர்ந்தெடுக்கும். பயிற்சியாளர்களும் ஸ்பான்சர்களும் விளையாட்டுச் செய்தியாளர்களும் அந்த அறிவை இப்போதே அவர்களிடம் கொண்டுசேர்க்க வேண்டும்.